ஓடும்போது அளப்பது

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை வரும். இரண்டையும் பெருக்கினால் சக்தி வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒரு நாழிகையில் மனனம் செய்துவிடக்கூடிய இந்த இரண்டு வரிகளைக் கொண்டுதான் நான் நாற்பது வருஷ காலமாக மோட்டாருக்குக் காயில் கட்டியும், வீடுகளுக்கு வயரிங் செய்தும் ஜீவனம் நடத்தி வந்திருக்கிறேன். என்றாலும், வகுப்பதற்கும் பெருக்குவதற்கும் முன்னால், அந்த எண்களை எந்த இடத்தில், எந்த வேளையில் எடுத்தோம் என்கிற விசாரணை ஒன்று இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது கோயமுத்தூரில் ஒரு ரீவைண்டிங் பட்டறையில், நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு அசடு வழிந்த ஒரு நாளில்.

பட்டறையில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மீட்டரைக் கையில் பிடித்தாலே சாஸ்திரம் கைவந்துவிட்டதாக எண்ணும் பருவம். பல்பின் தடையைப் பார்த்தேன். 38 ஓம் காட்டிற்று. 230 வோல்ட்டை 38-ஆல் வகுத்து 6 ஆம்பியர் என்றும், அதை மறுபடி 230-ஆல் பெருக்கி ஏறக்குறைய 1,400 வாட் என்றும் கணக்கிட்டு, பல்பின் தலையில் 100 வாட் என்று அச்சடித்தவன் பொய்யன் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். முதலாளி சிரிக்கவில்லை. “கணக்கு சரிதான் தம்பி, பல்பு எரியும்போது கேட்டுப் பாரு” என்று சொல்லி, ஆம்பியர் மீட்டரைத் தொடரில் வைத்து சுவிட்சைப் போட்டார். முள் 0.43-ல் நின்றது. வகுத்தால் 535 ஓம். பெருக்கினால் 99 வாட்.

டங்ஸ்டன் இழை குளிர்ந்து கிடக்கையில் ஒரு தடையும், 2,500 டிகிரியை ஒட்டிய வெண்சூட்டில் எரிகையில் அதைப்போல் பதினாலு மடங்கு தடையும் உடையது. எனினும் என்னுடைய 6 ஆம்பியர் முற்றிலும் பொய்யல்ல. சுவிட்சைத் தட்டிய க்ஷணத்தில், இழை சூடேறுவதற்கு முன், அவ்வளவு ஓட்டம் பாயக்கூடும். தேய்ந்துபோன குண்டு பல்பு சுவிட்சைப் போடும்போதே ‘டப்’ என்று உயிரை விடுகிறதே, அது இதனால்தான்.

அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்துத் தடை காணும் விதிக்குத் தம் பெயரைத் தந்த ஜெர்மானியரான கியார்க் சைமன் ஓம், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன் என்று பின்னால் படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் சற்று ஜாதிப்பற்று கலந்தது. நான் சொல்வது தொழில் ஜாதியை. கொலோன் நகரத்தில் உபாத்தியாயராக இருந்துகொண்டு அவர் பரிசோதனை நடத்திய காலத்தில், மின்கலங்களின் அழுத்தம் கம்பியை இணைத்த மாத்திரத்தில் விழத் தொடங்கி, எந்த அளவையும் நம்பவொட்டாமல் அடித்தது. ஆகவே கலத்தைத் தள்ளிவைத்து, பிஸ்மத்தும் செம்பும் கூடும் சந்திகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த உஷ்ண பேதத்தால் பிறக்கும் அசையாத அழுத்தத்தைக் கொண்டு, நீளம் வேறுபட்ட கம்பிகளை ஒவ்வொன்றாக அளந்தார். 1827-ல் அவர் புத்தகம் வெளிவந்தது. எண்ணை நிலைநிறுத்தப் பட்ட பாட்டில் பாதிகூட அதை வகுப்பதற்கு அவர் பட்டிருக்கமாட்டார் என்பது என் எண்ணம்.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. “குளிக்கிற ரூம் பக்கம் போனாலே ஏதோ கருகுற வாசனை வருது தம்பி” என்றார் அந்த வீட்டு அம்மாள். 2,000 வாட் தண்ணீர் ஹீட்டர். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஓம் மீட்டரால் வயரைப் பார்த்தேன்; முள் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. ஹீட்டரைக் கழற்றிவிட்டு அழுத்தத்தைப் பார்த்தேன். மெயின் போர்டிலும் 230, ஹீட்டர் முனையிலும் 230. பழுதே இல்லை என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டிருப்பேன். பட்டறைப் பல்பு நினைவுக்கு வந்தது. ஹீட்டரை மாட்டி ஓடவிட்டு மறுபடி அளந்தபோது போர்டில் 230 அப்படியே இருக்க, ஹீட்டர் முனையில் 222 ஆகியிருந்தது, ஓட்டம் 8.4 ஆம்பியர். காணாமற்போன அந்த 8 வோல்ட்டை ஓட்டத்தால் வகுத்தால் ஒரு ஓமுக்கும் சற்றுக் குறைவு; பெருக்கினாலோ 67 வாட். சுவிட்சின் பின்புறத்தில் தளர்ந்திருந்த ஒற்றைத் திருகுக்கடியில், அறுபது வாட் பல்பொன்று கண்ணுக்குத் தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது என்றே சொல்லலாம். 8 வோல்ட் குறைந்ததனால் தண்ணீர் சூடாவதில் அந்த அம்மாள் வித்தியாசம் எதுவும் கண்டிருக்க நியாயமில்லை. சுவிட்சோ பழுப்பேறி இளகியிருந்தது.

மோட்டாரின் சங்கதி வேறு. அரைக் குதிரைச் சக்தி மோட்டாரின் சுற்றில் தடை 6 ஓம்தான் இருக்கும். வகுத்தால் 38 ஆம்பியர் வரவேண்டும். சுழலும்போது வருவதோ மூன்றரை. சுற்றின் காந்தப்புலமும் மாறும் மின்னோட்டத்தைத் தடுக்கிறது; அந்தத் தடுப்பு வெறும் கம்பியின் தடையல்ல. 230-ஐயும் 3.5-ஐயும் பெருக்கி 805 வாட் என்று எழுதுவதும் பிசகு. அழுத்தமும் ஓட்டமும் ஒன்றாக ஏறி இறங்காமல் ஒன்றின்பின் ஒன்றாக வருவதால், வாட் மீட்டர் வைத்துப் பார்த்தால் 560-ஐ ஒட்டித்தான் காட்டும். காயில் கட்ட வரும் பையன்கள் இந்த இடத்தில் தவறாமல் இடறுவார்கள், நானும் இடறினவன்தான்.

வீட்டில் ஹீட்டரோ இஸ்திரிப் பெட்டியோ வைத்திருக்கிறவர்கள், அது பத்து நிமிஷம் ஓடியபின், ஈரமில்லாத புறங்கையால் சுவிட்சின் மேல்மூடியைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் மெயினை நிறுத்திவிட்டு வயர்மேனுக்குச் சொல்லியனுப்புங்கள். அவர் வந்து, எல்லாவற்றையும் நிறுத்தி ஓம் மீட்டரை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்றால், ஓடவிட்டு ஒரு தரம் அளக்கும்படி கேளுங்கள்.