குருதித் தடம் பற்றும் நாய்கள்

ஓஸ்திரியாவின் சால்ஸ்பேர்க் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீற்றர் சென்றால், ஜேர்மனியின் பவேரிய மாநிலத்துப் பாட் றைக்கன்ஹால் என்னும் சிறுநகரை அடையலாம். சாலக் ஆறு அருகே ஓட, அல்ப்ஸ் மலைகள் நெடுமதில் போற் சூழ்ந்து நிற்கும். நிலத்தடி உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுத்துப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஊர் இது. வருவோர் பெரும்பாலும் உவர்நீராடவும், 1928 ஆம் ஆண்டு அமைந்த கம்பிவட ஊர்தியில் ஏறி மலைக்காட்சி காணவுமே வருகின்றனர். நாமோ இதனை ஒரு நாயினத்தின் பிறப்பிடமாகக் கருதியே சென்றோம்.

குண்டுபட்ட மான் உடனே வீழ்ந்துவிடும் என எண்ணுதல் பொருந்தாது. குறி பிழைத்து வயிற்றிலோ காலிலோ பட்டால், அது நெடுந்தூரம் ஓடிப் புதரில் ஒளிந்து, அணு அணுவாகத் துடித்து மாளும். மரக்கறி உணவிற் பழகிய நமக்கு வேட்டை என்னும் சொல்லே உவப்பாயில்லை. எனினும், சுட்ட மானைத் தேடாது விடுதல் சுடுதலினுங் கொடிது. காயமுற்ற விலங்கை வீணே வருந்தவிடலாகாது என ஜேர்மானிய வேட்டைச் சட்டமும் விதிக்கின்றது.

இத்தேடலுக்குரிய நாயை ‘ஸ்வைஸ்ஹுண்ட்’ என்பர். ‘ஸ்வைஸ்’ என்றால் வியர்வை. வேட்டைக்காரர் வழக்கிலோ அது குருதியைக் குறிக்கும். நம் பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றது போல இதுவும் குழூஉக்குறியே.

1848 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர்ப் பரந்த வேட்டைக்காடுகள் துண்டுபட்டன, துப்பாக்கிகளுந் திருந்தின. நாய்க்கூட்டத்தை ஏவி மானைத் துரத்தும் முறை அருகி, ஒருவர் தனியே பதுங்கிச் சுடும் முறை பரவியது. ஆகவே சுடுமுன் துரத்தும் நாயினும், சுட்டபின் தேடும் நாயே வேண்டப்பட்டது. வடக்கே ஹனோவரில் அத்தகைய நாய் இருந்தது. அதன் ஆண் 50 முதல் 55 சென்ரிமீற்றர் உயரமும் 30 முதல் 40 கிலோகிராம் எடையும் உடையது; ஆறிய தடத்தையும் பொறுமையுடன் பற்றிச் செல்வது. ஆயின் செங்குத்துப் பாறைகளில் அப்பருவுடல் பாரமாயிற்று. எனவே, 1870 இன் பின்னர் றைக்கன்ஹாலைச் சேர்ந்த பரோன் கார்க்-பேபன்பேர்க் என்பார், அதனை மலைநாட்டுச் செந்நிற நாயோடு கலந்து, இலேசான உடல்வாகுடைய பவேரிய மலைநாயை உருவாக்கினார். 1912 இல் மியூனிச் நகரில் இதற்கென ஒரு சங்கமும் தோன்றியது.

அங்ஙனமாயின் எதனைத் தெரிவது? நிலத்தை நோக்கியே விடை கூறல் வேண்டும். அகன்ற காட்டுக்கு ஹனோவர் நாய். மலைச்சரிவுக்குப் பவேரிய நாய். ஓஸ்திரியரோ குறுங்கால் அல்ப்ஸ் நாயையும் விரும்புவர். அதன் உயரம் 34 முதல் 42 சென்ரிமீற்றரே. ஆயினும் இளவரசர் றுடோல்ப் 1881 இலும் 1885 இலும் எகிப்துக்கும் துருக்கிக்கும் வேட்டையாடச் சென்றபோது இதனையே உடன்கொண்டார். ஆண்டுக்கு ஓரிரு சிறுமான்களைத் தேடுபவருக்கு, வீட்டில் வளரும் டக்ஸ்ஹுண்டே போதும் என்பது நம் கருத்து. தேடலுக்கெனவே பிறந்த நாயை வேலையின்றிக் கட்டிவைத்தலும் ஒருவகைக் கொடுமையன்றோ?

எந்த நாயாயினும் சுட்ட மாத்திரத்தே தேடலைத் தொடங்கலாகாது. வயிற்றிற் காயமெனின் சில மணிநேரம் பொறுத்திருப்பர். உடனே தொடர்ந்தால், படுத்த மான் அஞ்சியெழுந்து மேலும் நெடுந்தூரம் ஓடிவிடும். பின்னர் நாயை நீண்ட தோல்வாரிற் பிணித்து, குண்டுபட்ட இடத்தில் மோப்பம் பிடிக்கச் செய்வர். நன்கு பழகிய நாய், குருதித்துளி இல்லாவிடத்தும், மானின் குளம்பிடைச் சுரப்பி விட்ட மணத்தைப் பற்றி, வேறு மான்களின் தடம் குறுக்கிட்டாலும் மயங்காது செல்லும். தலை தாழ்த்தி, ஓசையின்றி, அது முன்னே செல்ல மனிதன் பின்தொடர்வான்.

மான் கிடைத்ததும், சுட்டவனுக்கு ஊசியிலை மரக்கொம்பு ஒன்றை அளிப்பது அங்குள்ள மரபு. அவன் அதில் ஒரு சிறு துண்டை முறித்துக் கொடுக்க, அதனை நாயின் கழுத்துப்பட்டையிற் செருகுவர்.