ஆங் மோ கியோ வீட்டுக் கூடத்தில் ஒரு தனிக் கூடாரம்

கூடத்தில் இருந்த மேசையை ஓரம் தள்ளிவிட்டுக் கூடாரம் அமைத்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "ஏம்மா, இந்த வீடு போதாதா? வீட்டுக்குள்ள இன்னொரு வீடா?" என்றார்.

"ஒரு ஆள் படுக்கத்தான்மா."

"அதான் எனக்குப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆங் மோ கியோவில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வட்டாரத்தில் உயரம் என்றால் அவென்யூ 2-இல் நிற்கும் 25 மாடி வட்டப் புளோக் போன்றவைதான். நாட்டின் ஆக உயரமான குன்றான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். மலை ஏறப் பயிற்சி வேண்டுமென்றால் மின்தூக்கியை விட்டுப் படிக்கட்டில் ஏற வேண்டும். கால்களுக்கு அந்தப் பயிற்சி போதும். ஆனால் மலைக்காற்றைத் தாங்கும் கூடாரத்தை இங்கிருந்துகொண்டு எப்படித் தேர்ந்தெடுப்பது? முதல் முறை நான் தவறாகத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ரிஞ்சானியில் ஓர் இரவு

2023 ஆகஸ்டில் நண்பர்களுடன் லொம்போக் தீவுக்குச் சென்றேன். அங்குள்ள ரிஞ்சானி, 3,726 மீட்டர் உயர எரிமலை. செம்பாலுன் கிராமத்திலிருந்து நாள் முழுவதும் ஏறினால் 2,639 மீட்டரில் எரிமலை வாயின் விளிம்பு வரும். அங்கே இரவு தங்கி, விடியும் முன்பே உச்சிக்குப் புறப்பட வேண்டும். ஒரு பக்கம் ஆழத்தில் செகாரா அனாக் ஏரி, மறுபக்கம் மேகக் கூட்டம். நடுவில் குறுகலான மேடு. அங்கு வீசும் காற்றுக்கு மறைப்பென்று எதுவும் இல்லை.

குழுவில் நான் ஒருத்திதான் பெண். அதனால் எனக்கென ஒரு கூடாரம் வாங்கியிருந்தேன். கடையில் நான் பார்த்தது ஒரே ஓர் எண்ணை: 900 கிராம். கையில் எடுத்தால் ஒரு புத்தகப் பைபோல இருந்தது. வேறு எதையும் கேட்கவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு காற்று திரும்பியது. எரிமலை மண் கடற்கரை மணல்போலப் பொலபொலவென்று இருக்கும். முதலில் ஒரு முளை பிடுங்கிக்கொண்டது. அந்தப் பக்கத்து இழுவை முழுவதும் மெல்லிய கம்பின் மேல் விழ, கம்பு முறிந்து துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏறும்போதும் ஏறத்தாழ 0.6 பாகை குளிரும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தக் கணக்கு அன்றிரவு என் எலும்புக்குத் தெரிந்தது.

எங்கள் சுமைகளை மூங்கில் கழியில் கட்டித் தோளில் தூக்கி வந்த ஊழியர் ஓடி வந்தார். சமையல் கூடாரத்தில் அவர் படுக்க இருந்த இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, சாரோங்கைப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். விடியும்வரை அப்படியே. என் முதுகில் சில நூறு கிராம் குறைக்க நினைத்தேன். அந்தச் சுமையை அன்றிரவு அவர்தான் சுமந்தார். காலையில் நான் உச்சிக்குப் போகவில்லை. போக மனமில்லை.

எடைக்கு முன் கேட்க வேண்டியவை

ஊர் திரும்பியதும் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். தேசிய சேவைக் காலத்தில் மழைக்கோட்டு விரிப்பைக் கயிற்றில் இழுத்துக் கட்டும் 'பாஷா'வில் பல இரவுகள் தூங்கியவர் அவர். "கூடாரத்தைத் துணியா தாங்குது? கயிறும் முளையும்தான் தாங்குது. அதை நீ பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லை.

அடுத்த கூடாரத்துக்கு ஓராண்டு எடுத்துக்கொண்டேன். இப்போது கடைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவைதான்.

முதலில் வடிவம். தாழ்வாகவும் சரிவாகவும் இருக்கும் கூடாரத்தின் மேல் காற்று வழுக்கிச் செல்லும். நெட்டுக்குத்தான சுவரில் மோதும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால் உயரத்தில் ஒரு சாண் குறைந்தாலும் லாபமே.

அடுத்து கம்பு. கண்ணாடியிழைக் கம்பு விலை குறைவு. முறிந்தால் சிம்பாகப் பிளந்துவிடும். அலுமினியக் கம்பு பெரும்பாலும் வளையும். சிறிய குழாய்த்துண்டு ஒன்றை மாட்டி அந்த இரவைக் கழித்துவிடலாம். அந்தத் துண்டு பையில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்புகள் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் அமைப்பு கூடுதல் உறுதி. மலையேறும் கைத்தடியை நட்டு நிறுத்தும் கூடாரங்கள் மிக இலேசானவை. ஆனால் அவை முழுக்க முழுக்க முளைகளை நம்பியே நிற்பவை. இறுகிய புல்தரையில் சரி. ரிஞ்சானி மண்ணில் கவனம் தேவை.

பிறகு துணி. நைலான் நனைந்தால் தளரும். இரவில் எழுந்து கயிற்றை மீண்டும் இறுக்க வேண்டிவரும். பாலியெஸ்டர் அவ்வளவு தளராது. மேலுறையையும் உள்கூடாரத்தையும் ஒன்றாகவே நிறுத்த முடிந்தால், மழையில் அமைக்கும்போது படுக்கும் இடம் நனையாது.

நான் வாங்கியது 1.5 கிலோ. பழையதைவிட 600 கிராம் கூடுதல். அதில் ஒரு பங்கு கயிறுக்கும் முளைக்கும் போகிறது.

சுமத்ரா காற்றில் ஒரு தேர்வு

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்துபவள் என்பதால் வானிலைச் செய்தி எனக்கு மனப்பாடம். "விடியற்காலையில் சுமத்ரா சூறைக்காற்று வீசக்கூடும்" என்று எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். சுமத்ராவிலிருந்து கிழக்கு நோக்கி வரும் இடிமழை வரிசை அது. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். 2024 செப்டம்பர் 17 மாலை தெங்காவில் 83.2 கிலோமீட்டர் பதிவானது. அன்று தீவின் பல இடங்களில் மரங்கள் சாய்ந்தன. நான் வீட்டு நடைபாதையில் நின்று, இரண்டு புளோக்குகளின் இடுக்கில் சீறிய காற்றைப் பார்த்தேன். மலை இல்லாத ஊரில் காற்று இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது.

பீஷான் - ஆங் மோ கியோ பூங்கா வீட்டுக்கு அருகில்தான். ஆனால் அங்கு கூடாரமிட்டு இரவு தங்க முடியாது. அதனால் தேசியப் பூங்காக் கழகத்திடம் அனுமதி பெற்று ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் முகாம் பகுதிக்குப் போனேன். கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் அது, கடலோரத்தில் மணல். எனக்கு வேண்டியதும் அதுதான்.

மரங்களைவிட்டுத் தள்ளி இடம் பார்த்தேன். அகலம் குறைந்த முனையைக் காற்று வரும் மேற்குப் பக்கம் திருப்பினேன். முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து அடித்தேன். மணலில் நிற்காத இடத்தில், சிறு துணிப்பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டிப் புதைத்தேன். அதிகாலை நான்கரை மணிக்குக் காற்று வந்தது. துணி படபடத்தது, கம்பு வளைந்து நிமிர்ந்தது, முளை ஒன்றுகூட அசையவில்லை. தொலைவில் மின்னல் தெரிந்ததும் கூடாரத்தைவிட்டுக் கட்டடத்துக்குள் ஓடிவிட்டேன். எந்தக் கூடாரமும் மின்னலைத் தடுக்காது. மழை விட்டபின் திரும்பி வந்தேன். கூடாரம் நின்ற இடத்திலேயே நின்றது.

வீட்டுக்கு வந்தவுடன் ஒரு வேலை பாக்கி இருந்தது. நம் ஊர் ஈரப்பதத்தில் நனைந்த கூடாரத்தைச் சுருட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். உள்பக்கப் பூச்சும் நாளடைவில் பிசுபிசுத்து உரியும். ஆகவே மேலுறையைத் துணி காயப்போடும் மூங்கில் கழியில் கோத்து, அம்மாவின் சேலைகளுக்கு நடுவே சன்னலுக்கு வெளியே நீட்டினேன்.

கழியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அம்மா கேட்டார்: "அந்த மலைக்கு மறுபடியும் போறியா?"

"போறேன்மா."

"அந்த ஆளைப் பார்த்தா, நான் நன்றி சொன்னேன்னு சொல்லு."

பையில் இப்போது இன்னொரு பொருளும் இருக்கிறது. அம்மா தேடி எடுத்துக் கொடுத்த கம்பளிப் போர்வை. எடை 800 கிராம். அதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.