இந்தத் தைப்பூசத்துக்கு எங்க வீட்டுப் பால் ஏன் வரலை?

பூசத்தன்னிக்கு அன்னதானக் கூடாரத்துல நிறைய பேர் இதைக் கேட்டீங்க. வேலை மும்முரத்துல பதில் சொல்ல முடியலை. இப்ப எழுதுறோம்.

தாத்தா தோட்டத்துல பால்மரம் வெட்டின காலத்துல இருந்தே எங்க வீட்ல மாடு உண்டு. இப்ப ஆறு உருப்படி. ரெண்டு சினை மாடு. கன்னு போட ரெண்டு மாசம் இருக்கும்போதே பாலை வத்த விட்டுடுவோம், இல்லைன்னா அடுத்த ஈத்துக்கு மடி தேறாது. ஆக, கறவை நாலுதான். பூசத்துக்கு முதல் நாள் சாயங்காலக் கறவை முழுக்கக் கோயிலுக்கு, 20 லிட்டர்னு சொல்லியிருந்தோம்.

நாலு நாள் முன்னாடி, விடியக்காலைக் கறவையில பெரியவளோட முதல் பீச்சல் திரிதிரியா விழுந்துச்சு. பின்காம்பு ஒண்ணு வீங்கி, தொட்டா கொதிக்குது. மடிநோய். தப்பு எங்க மேலதான். அந்த வாரம் முழுக்கக் கோயில்லேயே கிடந்தோம், கொட்டாயை ஒழுங்கா கழுவலை. கறந்ததும் தீவனம் போட்டு அரை மணி நேரமாவது நிக்க வைக்கணும், காம்புத் துவாரம் மூடுறதுக்கு. அவசரத்துல அதையும் விட்டுட்டோம், அது சாணி ஈரத்துலயே படுத்துடுச்சு.

மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். மருந்து முடிஞ்சும் நாலு நாளைக்குப் பாலைக் கறந்து கொட்டணும்னார். கால்ல சிவப்புத் துணி கட்டினோம், கடைசியாத்தான் கறந்தோம். மத்த மூணுலயும் 15 லிட்டராவது தேறும்னு நினைச்சோம்.

அன்னைக்குச் சாயங்காலம் நாங்க பந்தல் வேலையில இருந்தோம். உதவிக்கு வந்த சொந்தக்காரப் பையன் நாலையும் கறந்து ஒரே கேன்ல ஊத்திட்டான். சிவப்புத் துணி எதுக்குன்னு அவனுக்கு யாரும் சொல்லலை!

"அபிஷேகத்துக்குத்தானே, யார் குடிக்கப் போறா?" ன்னு வீட்லயே ஒருத்தர் கேட்டாங்க. அபிஷேகப் பால் பிரசாதமா வருதே, முதல்ல கை நீட்டுறதே நம்ம பிள்ளைங்கதானே? பென்சிலின் ஒத்துக்காத பிள்ளைங்களும் அதுல இருக்கலாம். காய்ச்சினா மருந்து போயிடும்னு நம்பவும் முடியாது. கன்னுக்குட்டிக்குக் கூட வைக்காம, குழி வெட்டிக் கொட்டினோம். அம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. மறுநாள் காலைப் பால் வாடிக்கை வீடுகளுக்கு. சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீடுங்க, அதுல கை வைக்க முடியலை. தலைவர் ஐயாகிட்ட போன்ல சொன்னோம். ஒரு வார்த்தை கடிஞ்சுக்கலை, கடைப் பால் வாங்கிச் சமாளிச்சாங்க.

இப்பக் கொட்டாய் வாசல்ல கரும்பலகை மாட்டியிருக்கோம்: எந்த மாடு, என்ன ஊசி, எந்தத் தேதி வரைக்கும் கொட்டணும். யார் கறக்க வந்தாலும் முதல்ல அதைப் படிக்கணும்.

வர்ற வெள்ளிக்கிழமை பூசைக்கு 6 லிட்டர் கொண்டு வர்றோம். மூணு மாட்டுப் பால் மட்டும். பெரியவ இன்னும் தேறலை.