அட்டைத் துண்டு

மறைமலை நகரின் மார்கழிக் குளிர் அப்படியொன்றும் கடுமையானதல்ல. கொசுவுக்கு அஞ்சித்தான் குளியலறை வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்தேன். உள்ளே எரிவாயு கீசர் இருந்தது. குளித்துவந்தால் தலை கனக்கிறது என்று அம்மா இரண்டு நாட்களாகச் சொன்னாள். வயதாகிவிட்டது என்றேன். மூன்றாம் நாள் கூப்பிட்டுப் பதிலில்லை. தாழ்ப்பாளை உடைத்தபோது சுவரில் சாய்ந்து கிடந்தாள். வெளிக்காற்றும் மருத்துவமனையில் கொடுத்த பிராணவாயுவும் அவளை மீட்டன.

எரிவதற்குக் காற்று போதாதபோது பிறப்பது கார்பன் மோனாக்சைடு. சமையல் வாயு கசிந்தால் மூக்கு அறியும். அதற்கென்றே அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். இதற்கோ நிறமுமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் குருதியின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது.

1902 செப்டம்பரில் எமில் ஸோலா பாரிசில் இறந்தது இந்த வாயுவால்தான்; படுக்கையறைக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் ஊரில், விடுதியறையை மூடி எரிவாயு ஹீட்டரின் வெம்மையில் உறங்கிய கேரளத்தவர் எட்டுப் பேர் மாண்டனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். குளிருக்கு அஞ்சிக் கதவடைத்ததன்றி அவர்கள் செய்த பிழை வேறென்ன?

இப்போது கீசர் வெளிச்சுவரில் இருக்கிறது. வெந்நீர் மட்டும் குழாய்வழி உள்ளே வருகிறது. அட்டையை எடுத்துவிட்டேன். கொசு கடிக்கிறது என்று அம்மா தினமும் திட்டுகிறாள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே கதவுக்கு வெளியே நிற்கிறேன்.