பச்சை உடுத்தும் நியூயார்க்

நியூயார்க் நகரத்து ஜனங்களுக்கு நின்று பேச நேரம் கிடையாது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் மார்ச் மாதம் 17-ந் தேதி காலை 11 மணிக்கு, அங்கே மிகப் பணக்கார வீதிகளில் ஒன்றான ஐந்தாவது அவென்யூவில் வண்டிகள் ஓடுவதில்லை. இரு பக்கமும் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பச்சைத் தொப்பி, பச்சைக் கழுத்துக்குட்டை, பச்சை மேலங்கி! கைக்குழந்தையின் கன்னத்தில்கூடப் பச்சை வர்ணம். அன்று புனித பாட்ரிக் திருநாள். அயர்லாந்து தேசத்தின் திருநாள்.

"அயர்லாந்தின் பண்டிகைக்கு அமெரிக்காவில் ஏன் இத்தனை அமர்க்களம்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஊர்வலத்தைப் பார்த்துவிடலாம்.

44-வது தெருவில் புறப்பட்டு 79-வது தெரு வரை, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மைல். தேர் கிடையாது, அலங்கார வண்டியும் கிடையாது. கலந்துகொள்கிறவர்கள் எல்லோரும் நடந்தே தீரவேண்டும். சுமார் ஒன்றரை லட்சம் பேர் நடக்கிறார்கள் என்றால், மாலை வரை ஊர்வலம் நீளுவதில் ஆச்சரியம் என்ன? முன்னால் போவது 69-வது படைப்பிரிவு. கன்றுக்குட்டி உயரமுள்ள ஐரிஷ் வேட்டை நாய்களும் கூடவே வருகின்றன. பின்னால் போலீஸ்காரர்களின் பாக்பைப் வாத்தியக் கோஷ்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், அயர்லாந்தின் 32 மாவட்டங்களின் பெயர் தாங்கிய பட்டுக் கொடிகள். தன் பாட்டனார் பிறந்த மாவட்டத்தின் கொடி வந்ததும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கை தட்டிக் கூவுவார். அந்த ஊரை அவர் ஒருமுறைகூடப் பார்த்திராதவராக இருக்கலாம்!

17-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், ஊர்வலம் முதல் நாள் சனிக்கிழமைக்கு மாற்றப்படுகிறது.

அடிமையாய் வந்தவர்

யார் இந்தப் பாட்ரிக்? வேடிக்கை என்னவென்றால் அவர் அயர்லாந்தில் பிறந்தவரே அல்ல. ரோமாபுரியின் ஆட்சியிலிருந்த பிரிட்டனில் பிறந்தவர். பதினாறு வயதில் கொள்ளையர்கள் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். ஆறு வருஷம் மந்தை மேய்த்துவிட்டுத் தப்பி ஓடினார். பிறகு தம்மை அடிமையாக்கிய அதே ஜனங்களிடம் போதகராகத் திரும்பி வந்தார். இது நடந்தது ஐந்தாம் நூற்றாண்டில். நம் ஊர்ப் புளியாரைக் கீரையைப் போல மூன்று இலை கொண்ட 'ஷாம்ராக்' என்ற செடியைக் காட்டி, கடவுள் ஒருவரே மூவராக இருப்பதை விளக்கினார் என்பது கதை. அதனால்தான் அன்று எல்லோர் சட்டையிலும் அந்த மூவிலை.

பசி விரட்டிய ஜனங்கள்

நியூயார்க்கில் இந்த ஊர்வலம் முதன்முதலில் நடந்தது 1762-ல். அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்ததற்குப் பதினாலு வருஷம் முன்னால்! அன்று அது சிறிய கூட்டம். அதைப் பெருங்கூட்டமாக்கியது சந்தோஷம் அல்ல, பசி.

1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுவே மூன்று வேளைச் சாப்பாடு. அடுத்த ஏழெட்டு வருஷத்தில் சுமார் பத்து லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள். அதற்கும் அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். 1841-ல் எண்பது லட்சத்துக்கு மேல் இருந்த அந்தத் தீவின் ஜனத்தொகை இன்றுவரை அந்த அளவை எட்டவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1850-களில் நியூயார்க்கில் நாலில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். ஆனால் மரியாதை? "ஐரிஷ்காரர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று பத்திரிகையில் விளம்பரம் வந்த காலம் அது. அப்படிப்பட்டவர்கள் வருஷத்தில் ஒரு நாள் நடுத்தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார்கள். "நாங்களும் இந்த ஊர்தான்" என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழி இல்லை. இந்த அமர்க்களத்தின் காரணம் இப்போது புரிகிறதல்லவா?

வேலைக்காரப் பெண்களின் காசு

நம் சகோதரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அயர்லாந்திலிருந்து கல்யாணமாகாத இளம் பெண்கள் ஏராளமாகத் தனியாகவே கப்பலேறி வந்தார்கள். பணக்கார வீடுகளில் சமையலுக்கும் துணி துவைக்கவும் அமர்ந்தார்கள். எஜமானிகள் பலர் அவர்களுடைய பெயரைக் கேட்கக்கூடச் சிரமப்படாமல், எல்லோரையும் 'பிரிட்ஜெட்' என்றே அழைத்தார்களாம்! அந்தப் பெண்கள் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பிய டாலர்தான் தகப்பனாரின் குத்தகையைக் கட்டியது. அடுத்த தங்கைக்குக் கப்பல் டிக்கெட்டும் வாங்கியது.

ஊர்வலம் 50-வது தெருவை நெருங்கும்போது வெண்சலவைக் கல்லில் இரட்டைக் கோபுரத்துடன் ஒரு மாபெரும் தேவாலயம் தெரியும். அதன் பெயரும் புனித பாட்ரிக்தான். 1858-ல் அதற்கு அஸ்திவாரம் போட்ட பேராயர் ஜான் ஹியூஸ், அமெரிக்கா வந்த புதிதில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். ஊருக்கு வெளியே இவ்வளவு பெரிய கோயிலா என்று அதை 'ஹியூஸின் பைத்தியக்காரத்தனம்' என்று பரிகசித்தார்கள். செல்வந்தர்கள் ஆளுக்கு ஆயிரம் டாலராகக் கொடுத்தது போதவில்லை. கூலிக்காரர்களும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் கொடுத்த சில்லறையும் சேர்ந்துதான் சுவர் எழும்பியது. 1879-ல் திறந்தபோது ஹியூஸ் உயிருடன் இல்லை. இன்று ஊர்வலத்தில் வருகிறவர்களைப் பேராயர் வாசலில் நின்று வரவேற்கிறார்.

1892-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது, அதன் வழியே முதலாவதாகப் பதிவானவளும் ஓர் ஐரிஷ் பெண்தான். ஆனி மூர், வயது 17. இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டு, நியூயார்க்கில் இருந்த பெற்றோரிடம் வந்தாள். அவளுக்குப் பத்து டாலர் தங்க நாணயம் ஒன்று பரிசளித்தார்கள்.

உப்பும் மோரும்

பண்டிகை என்றால் சமையல் இல்லாமலா? அன்று அமெரிக்க ஐரிஷ் வீடுகளில் உப்பு நீரில் ஊறிய மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வேகும். மாமிசம் உண்ணாத நேயர்கள் மன்னிக்கவும். இதிலும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட மாட்டிறைச்சி ஒரு காலத்தில் உலகமெங்கும் போயிற்று. ஆனால் ஏழைக் குடியானவனுக்கு அது எட்டாக்கனி. நல்ல நாளில் கொஞ்சம் பன்றி இறைச்சி கிடைத்தால் பெரிது. நியூயார்க்கில்தான், பக்கத்துத் தெரு யூதர்களின் கடையில் மாட்டிறைச்சி மலிவாகக் கிடைத்தது. பிறந்த ஊரில் சாப்பிடக் கிடைக்காததே இங்கே பிறந்த ஊர்ப் பலகாரம் ஆகிவிட்டது!

எல்லோரும் செய்து பார்க்கக்கூடியது சோடா ரொட்டி. நாலு கப் மைதாவில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் கலந்து சலிக்கவும். ஒன்றே முக்கால் கப் புளித்த மோரை ஊற்றி, அதிகம் பிசையாமல் உருட்டவும். மேலே கத்தியால் சிலுவைக் குறியாக ஆழமாகக் கீறிச் சூடான அடுப்பில் முக்கால் மணி நேரம் சுட்டெடுக்கவும். மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து மாவை உப்பச் செய்வதால் ஈஸ்ட் தேவையில்லை.

தெரு யாருக்கு?

ஒதுக்கப்பட்டவர்கள் பெற்ற தெருவில் மற்றவர்களுக்கு இடம் உண்டா? இந்தக் கேள்வி நெடுநாள் புகைந்தது. ஒருபால் விருப்பம் கொண்ட ஐரிஷ்காரர்கள் தங்கள் பெயர் எழுதிய கொடியுடன் நடக்க அனுமதி கேட்டார்கள். 1991-ல் மேயர் டேவிட் டிங்கின்ஸ் தமக்குரிய முன்வரிசையை விட்டு அவர்களுடன் நடந்தபோது, கூட்டத்திலிருந்து வசையும் பியரும் வந்து விழுந்தன. 2014-ல் மேயர் டி பிளாசியோ ஊர்வலத்துக்கு வர மறுத்தார். கின்னஸ் கம்பெனியும் ஆதரவை நிறுத்திக்கொண்டது. 2015-ல் அத்தகைய குழு ஒன்றுக்கும், 2016-ல் ஐரிஷ்காரர்களின் சொந்தக் குழுவுக்கும் வழி திறந்தது. வாசலில் நிறுத்தப்பட்ட வேதனையை அறிந்தவர்களுக்கே வாசலைத் திறக்க இருபத்தைந்து வருஷம் பிடித்தது.

தாய்நாட்டில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அங்கே இது நெடுங்காலம் கோயிலுக்குப் போய்வரும் அடக்கமான நாளாகவே இருந்தது. 1960-களின் தொடக்கம் வரை மதுக்கடைகளுக்குக்கூட அன்று பூட்டு. டப்ளின் நகரம் பெரிய அளவில் விழா எடுக்கத் தொடங்கியது 1996-ல்தான். பெண் புகுந்த வீட்டில் கற்ற கோலத்தைப் பிறந்த வீட்டு வாசலில் போட்டாற்போல!

நியூயார்க்குக்கு நீங்கள் போக நேர்ந்தால், ஊர்வலம் முடிந்த பிறகு நகரின் தென்கோடிக்கும் போய் வாருங்கள். வானளாவிய கட்டிடங்களுக்கு நடுவே கால் ஏக்கர் புல்வெளியில், கூரையில்லாத ஒரு கல் வீடு நிற்கும். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து வந்து கட்டி, 2002-ல் திறந்த பஞ்ச நினைவுச் சின்னம் அது. பஞ்ச காலத்தில் கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் இல்லை என்று சட்டம் இருந்தது. எத்தனையோ குடும்பங்கள் பிடி சோற்றுக்காக நிலத்தை விட்டார்கள். பிறகு ஊரையே விட்டார்கள். அங்கே வாத்தியமும் இல்லை, பச்சைத் தொப்பியும் இல்லை. அந்தத் திண்ணையோரம் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள்.