செஞ்ச வேலையைச் சொல்லிக்கிறது தப்பா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிச்சுட்டு உங்க கருத்தையும் சொல்லுங்க.

தொண்டூழியர் கூட்டத்துல ஒரு பேச்சு வந்தது. இந்த வருஷத் திருவிழாவுல அன்னதானத்துக்கு முன்னாடி கால் மணி நேரம் ஒதுக்கி, இத்தனை வருஷமா நம்ம குழு செஞ்ச வேலைகளைச் சொல்லி, செஞ்சவங்களை முன்னாடி கூப்பிடலாமா? இளையவங்க உடனே சரின்னாங்க. மூத்தவங்க சிலர் ஒத்துக்கல. "சாமிக்குச் செஞ்சதுக்கு எதுக்குப்பா கைதட்டல்? தொண்டு பண்ணிட்டு பேர் வாங்கினா அது தொண்டா?"

நியாயமான கேள்வி. அதனால நாங்க வீட்டுக்குப் போயி யோசிச்சோம்.

நம்ம சமயத்துல தொண்டர்களைக் கொண்டாடுற மாதிரி வேறெங்கேயும் கொண்டாடுவாங்களான்னு தெரியல. சுந்தரர் திருவாரூர்ல திருத்தொண்டத்தொகை பாடினார். நம்பியாண்டார் நம்பி அதை விரிச்சார். 12ஆம் நூற்றாண்டுல சேக்கிழார் பெரிய புராணமா எழுதினார். அதுல யார் யார் இருக்காங்கன்னு பாருங்க. தண்டியடிகள் பார்வை இல்லாதவர். கம்பம் நட்டு, கயிறு கட்டி, அதைத் தடவித் தடவியே கோயில் குளத்துல மண் சுமந்தவர். திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களோட துணியைத் துவைச்சவர். இளையான்குடி மாறனார் மழை ராத்திரியில வந்த ஒருத்தருக்குச் சோறு போட, வயல்ல விதைச்ச நெல்லையே வாரிக்கிட்டு வந்தவர். மண் சுமக்கிறது, துணி துவைக்கிறது, சோறு போடுறது. எல்லாம் கை வேலை. இன்னிக்கும் நட்சத்திரம் பார்த்து ஒவ்வொருத்தருக்கும் குருபூசை நடக்குது.

இதுல ஒண்ணு கவனிக்கணும். தண்டியடிகள் தன் கதையைத் தானே சொல்லிக்கல. பின்னால வந்தவங்க சொன்னாங்க. செஞ்சவர் அடக்கமா இருக்கிறது அவரோட கடமை. அதை மறக்காம சொல்றது மத்தவங்களோட கடமை. நம்ம கூட்டத்துல வந்த ரெண்டு கருத்துக்கும் இங்க இடம் இருக்கு.

தஞ்சைப் பெரிய கோயிலையும் நினைச்சுப் பாருங்க. 1010இல் குடமுழுக்கு ஆன கோயில். ராஜராஜ சோழன் தன் பேரோட நிறுத்திக்கல. கோயிலைக் கட்டின பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பேர் கல்வெட்டுல இருக்கு. ஆடல் பணிக்கு வந்த 400 பெண்களோட பேர், அவங்க குடியிருந்த வீட்டு வரிசையோட இருக்கு. ஆயிரம் வருஷம் கழிச்சும் நாம படிக்கிறோம்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2023 மார்ச் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. சிகாமட், லாபிஸ், யோங் பெங்னு சுத்துவட்டாரமே தவிச்சது. நம்ம சாஆவும் மூழ்கிச்சு. அப்ப அடுப்படியில நின்ன சில அக்காங்களோட வீட்டுக்குள்ளேயே தண்ணி. வீட்டுச் சாமானை மேல ஏத்திட்டு வந்து இங்க வெங்காயம் நறுக்கினாங்க. தேங்காய்ப்பால் ஊத்தின கறி சீக்கிரம் கெட்டுடும், பருப்பும் புளிச்சோறும் பண்ணுவோம்னு முடிவு பண்ணவங்க அவங்கதான். பொட்டலத்தை ரெண்டு பிளாஸ்டிக் பையில கட்டினா நனையாதுன்னு சொன்னது ஒரு லாரி டிரைவர் அண்ணன். மலாய்க்காரர், சீனர், தமிழர்னு பார்க்காம எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது அந்தச் சோறு.

இதெல்லாம் எங்கேயும் எழுதி வைக்கல. புதுசா சேர்ந்த பையன்களுக்குத் தெரியாது. அடுத்த வெள்ளம் வந்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பழைய வேலையைச் சொல்றப்ப பெருமை மட்டும் வர்றதில்ல. எப்படிச் செய்யணும்ங்கிற பாடமும் சேர்ந்தே வருது.

இன்னொரு விஷயமும் இருக்கு. அடுப்படிக்கு ஆள் குறையுது. பிள்ளைங்க ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போயிட்டாங்க. ஊர்ல இருக்கிறவங்களும் "கோயில்ல என்ன வேலை, யாரோ பார்த்துப்பாங்க"ங்கிறாங்க. நம்மள்ல செம்பனை ஆலையில, ஃபேக்டரியில வேலை செய்றவங்களுக்குத் தெரியும், வாசல்ல ஒரு பலகை இருக்கும்: விபத்து இல்லாம இத்தனை நாள்னு. அதுல யார் பேரும் இருக்காது. ஆனா அந்த நம்பர் தன்னால கெடக்கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் நினைப்பாங்க. அந்த நினைப்பு நம்ம குழுவுக்கும் வரணும்.

ஆனா மூத்தவங்க பயப்படுறதும் சரிதான். பொன்னாடை, மாலை, நீளமான பேச்சுன்னு போச்சுன்னா பொறாமைதான் மிஞ்சும். அதனால நாங்க யோசிச்சது இதுதான். பதவியையும் உபயத் தொகையையும் பத்திப் பேச வேணாம். வேலையை மட்டும் சொல்வோம். அடுப்படி, பாத்திரம் கழுவுறது, பூக்கட்டுறது, கார் நிறுத்துற இடம், கழிவறை சுத்தம்னு குழு குழுவா கூப்பிடுவோம். காலமானவங்களையும் ஊர் மாறிப் போனவங்களையும் சேர்த்துச் சொல்வோம். முடிஞ்ச கையோட, ஒவ்வொரு குழுவுக்கும் ரெண்டு இளையவங்களைச் சேர்த்து விடுவோம்.

பேர் விட்டுப்போனா மனசு கஷ்டப்படுமேன்னு ஒருத்தர் கேட்டார். அதுக்கும் பெரியவங்க வழி சொல்லி வச்சிருக்காங்க. தனியடியார்களோட, 9 தொகையடியார்களையும் சுந்தரர் வணங்கினார். கூட்டமா தொண்டு செஞ்சவங்க அவங்க. அதுல கடைசி, அப்பாலும் அடிச்சார்ந்தார். முன்னாடி இருந்தவங்க, இனி வரப்போறவங்க, தெரியாத ஊர்ல இருக்கிறவங்க எல்லாரும் அதுல அடக்கம். நம்ம பட்டியலும் அப்படியே முடியட்டும்.

இதைக் கேட்டுட்டு, வருஷக்கணக்கா பாத்திரம் கழுவுற ஒரு அக்கா சொன்னாங்க: "என் பேரை வாசிக்க வேணாம் தம்பி. ஆனா அன்னிக்கு என் மகன் சிங்கப்பூர்லேர்ந்து வருவான். நான் கோயிலுக்குப் போறேன்னுதான் அவனுக்குத் தெரியும். என்ன செய்றேன்னு தெரியாது." வேணாம்னு சொல்லியிருந்த ஒரு மூத்தவர்தான் முதல்ல பதில் சொன்னார்: "பாத்திரக் குழுவை முதல்ல கூப்பிடுங்கப்பா."

உங்க வீட்ல பழைய திருவிழாப் படம், தேர்ப் படம், வெள்ள நேரத்துப் படம் இருந்தா குழுவுக்கு அனுப்புங்க. எந்த வருஷம், யார் யார் நிக்கிறாங்கன்னு பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி அனுப்புங்க. அவங்க இருக்கிறப்பவே கேளுங்க.

அன்புடன்,
ஆலயத் தொண்டூழியர் குழு, சாஆ