நீல அட்டைப் பேரேடு

ஜப்பானின் நாரா நகரில் ஷோஸோயின் என்ற பழைய களஞ்சியம் இருக்கிறது. கையால் செய்த காகிதத்தில் எழுதிய, கி.பி. 702ஆம் ஆண்டின் குடும்பப் பதிவேடுகள் அதன் சேகரிப்பில் இன்னும் பத்திரமாக உள்ளன. எந்த வீட்டில் யார் யார், என்ன வயது என்ற சர்க்கார் கணக்கு.

அதே வகைக் காகிதத்தில் செய்த நோட்டுப் புத்தகம் ஒன்று இரண்டு வருடமாக என் அலமாரியில் சும்மா கிடந்தது. தோகுஷிமாவுக்குப் போய் வந்த நண்பர் கொடுத்தது. இயற்கை நீலம் ஏற்றிய அட்டை, நான்கு துளையிட்டு நூலால் தைத்த முதுகு, உள்ளே இரட்டையாக மடித்த தாள்கள். அது உருவாகும் விதத்தையும் நண்பர் சொல்லிவிட்டுப் போனதால் எழுதக் கை வரவில்லை.

கோஸோ என்ற செடியின் குச்சிகளைக் குளிர்காலத்தில் வெட்டி, ஆவியில் வேகவைத்துப் பட்டை உரிக்கிறார்கள். கறுப்புத் தோலைச் சுரண்டி, காரநீரில் கொதிக்கவிட்டு, குளிர்ந்த நீரில் கையால் தூசு பொறுக்கி, அடித்துக் கூழாக்குகிறார்கள். அதில் ஒரு வேரின் கொழகொழப்பு சேர்கிறது. வெண்டைக்கு நெருங்கிய உறவான செடி அது. நார்கள் தொட்டியின் அடியில் தங்காமல் மிதப்பது அதனால்தான். மூங்கில் சல்லடையை ஆட்டி ஆட்டி மெல்லிய ஏடாக அள்ளுகிறார்கள். வெயில் காலத்தில் கொழகொழப்பு கெட்டுவிடும். எனவே கை விறைக்க விறைக்கப் பனிக்கால வேலை. வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்கப் புளி ஊற்றும் நமக்கு இது வேடிக்கைதான்.

சாயம் இன்னும் பொறுமை கேட்கும். நம் ஊரில் அவுரி இலையை நீரில் ஊறப்போட்டு, கலக்கி அடித்து, அடியில் தங்குவதைக் கட்டியாக்குவார்கள். தோகுஷிமாவின் நீலச் செடி வேறு குடும்பம். காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, அவ்வப்போது புரட்டிப் போட்டு, சுமார் 100 நாள் மக்க வைக்கிறார்கள். குவியல் சுடும், நெடி கண்ணைக் கரிக்கும். பிறகு சாம்பல் காரநீர், சுண்ணாம்பு, கோதுமைத் தவிடு சேர்த்துப் புளிக்கவிட்டால் மேலே நுரை கட்டும். அதை நீலப் பூ என்கிறார்கள். சாயத் தொட்டியில் காகிதம் நைந்துவிடாமலிருக்க ஒரு கிழங்கின் பசை பூசுவதுண்டு; அந்தக் கிழங்கு நம் சேனைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். தொட்டியிலிருந்து எடுக்கும்போது பச்சை. காற்றுப் பட்டதும் நீலம்.

இந்த நீலத்தில் நமக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான இந்திய நீலம் ஜப்பானில் போய் இறங்கி, தோகுஷிமா விவசாயியின் பிழைப்பில் மண் போட்டது. இங்கே அதை விளைவித்தவன் சுகப்பட்டானா? 1859இல் வங்காளத்தில் நீல விவசாயிகளின் கலகம். 1917இல் சம்பாரணுக்குப் போனார் காந்தி. இடையில், 1897இல் சந்தைக்கு வந்த ஜெர்மன் செயற்கை நீலம் இரு நாட்டுச் செடிகளையும் ஓரங்கட்டிவிட்டது. திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி விளைவதும், தோகுஷிமாவில் சில குடும்பங்கள் இன்னும் இலை மக்க வைப்பதும் எனக்கு ஆச்சரியம்தான்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருளில் என்னத்தை எழுதுவது? எடோ காலத்து வியாபாரிகளுக்கு இந்தத் தயக்கமெல்லாம் இல்லை. வரவு செலவையும் கடன் பாக்கியையும் இதே மாதிரிக் காகிதத்தில்தான் எழுதினார்கள். ஊரில் தீப்பிடித்தால் பேரேட்டைக் கிணற்றில் போட்டுவிட்டு ஓடுவார்களாம். பிறகு எடுத்து உலர்த்தினால் தாளும் கிழியாது, மசியும் கரையாது.

அம்மாவுக்கு 82 வயது. பெயர்கள் ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்திருக்கின்றன. போன மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேனா மை ஊறிப் பரவியதால் பென்சில். குடும்பத்தில் யார் எந்த வருடம் பிறந்தார், எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவளுக்கு முன் பிறந்து தங்காமல் போன மூன்று குழந்தைகள் உண்டு என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். இரண்டு பெயர்களைச் சொன்னாள். மூன்றாவது நினைவுக்கு வரவில்லை. அந்த வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.